டப்பாவின் எடை

ஜனவரி 4

அக்காவுக்கு,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல் இருந்தால் இதைப் படிப்பாய். இரண்டு வருடம் கழித்து எழுதுகிறேன். டிசம்பரில் மூன்று தடவை போன் செய்தேன். மூன்று தடவையும் ஒரே மணியோடு நின்றுவிட்டது. என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறாய் என்று புரிய எனக்கு மூன்று தடவை தேவைப்பட்டது. மின்னஞ்சலுக்கும் பதில் இல்லை. தபாலை அப்படித் தடுத்து வைக்க முடியாது என்று நம்புகிறேன்.

சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். மார்ச் மாதம் நடக்கும் மண்ணியல் மாநாட்டுக்கு என் கட்டுரையை ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் இந்த வருடம் பயணப் புகையைக் குறைக்க அதைப் பசுமை மாநாடாக நடத்துவதாகவும், அறுநூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பவர்கள் இருந்த இடத்திலிருந்தே திரை வழியாகப் பேச வேண்டும் என்றும் சுற்றறிக்கை வந்தது. விலக்கு வேண்டுமானால் பசுமைக் குழுத் தலைவருக்கு விண்ணப்பிக்க வேண்டும். தலைவர் நீ. நான் இருப்பது ஆயிரத்து எழுநூறு கிலோமீட்டர் தள்ளி.

இந்தக் கல்லூரியில் ஐந்து வருடமாகத் தற்காலிக ஆசிரியை. ஒவ்வொரு ஜூனிலும் புதுப்பித்துத் தருவார்கள். இந்த ஜூனோடு அது முடிகிறது. ஒன்று நிரந்தரம், இல்லையென்றால் வெளியே. முதல்வர் அறையில் நடந்த பேச்சை அப்படியே எழுதுகிறேன்.

"மாநாட்டுல பேசப்போறேன் சார். திரையில."

"திரையில பேசறது கணக்குல வராதும்மா. மேடையில நின்னு பேசினதுக்குச் சான்றிதழ் வேணும். விதி அப்படி."

"மாநாட்டுக்காரங்களே நேர்ல வராதீங்கன்னு சொல்றாங்களே சார்."

"அது அவங்க விதி. இது நம்ம விதி. நடுவுல நீங்க மாட்டிக்கிட்டா நான் என்ன பண்றது? அங்க தலைவர் உங்க அக்காதானாமே. கேட்டுப் பாருங்களேன்."

கேட்கிறேன். 'தவிர்க்க முடியாத வருகை' என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறாய். அதில் என்னைச் சேர்த்துவிடு. அன்று அரங்கில் நான் கேட்ட கேள்விக்கும் இதற்கும் முடிச்சுப் போடாதே.

அம்மாவிடம் நான் எழுதியதாகச் சொல்.

தங்கை

*

ஜனவரி 15

வாலுக்கு,

கடிதம் வந்தது. மூன்று முழுத்தாள், புத்தம் புதியவை, ஒரு பக்கம் மட்டும் எழுதியது. பசுமைக் குழுவிடம் விண்ணப்பிக்கும் அழகு இது. எங்கள் குழுவில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். ஏற்கெனவே ஒரு பக்கம் அச்சான தாளின் மறுபக்கத்தில்தான் எதையும் எழுதுவோம். நீயும் பழகிக்கொள். இந்தத் தாளின் பின்னால் இருப்பது தட்டு, தம்ளர் பட்டியல். வேண்டாமென்றாலும் நீ படிப்பாய். பள்ளிக்கூட நாளில் எனக்கு வந்த கடிதங்களைக்கூட நீதான் முதலில் திருப்பிப் பார்ப்பாய்.

முடிச்சுப் போடாதே என்கிறாய். நான் போடவில்லை. அது போட்டபடியே இருக்கிறது.

நீ மறந்திருக்கமாட்டாய். இருந்தாலும் எழுதி வைக்கிறேன். என் ஆய்வுக்கூடத்தில் மண் மாதிரிகளை எடை போட்டவள் நீ. மண்ணை அலுமினிய டப்பாவில் போட்டு, உலர்த்தி, டப்பாவோடு எடை போட்டு, பிறகு டப்பாவின் எடையைக் கழிக்க வேண்டும். முதல் வருட மாணவருக்குத் தெரிந்த வேலை. நாற்பது டப்பாக்கள் கொண்ட ஒரு தொகுதியில் கழிக்காமல் விட்டுப்போயிற்று. கணக்குப் போட்டது நான், விட்டதும் நான். அதை மறுக்கவில்லை. கட்டுரை அச்சாகி, பேர் வாங்கி, மூன்று வருடம் கழித்து, முந்நூறு பேர் உட்கார்ந்திருந்த அரங்கில் நீ ஒலிவாங்கியைக் கையில் வாங்கிக் கேட்டாய்: "அக்கா, டப்பாவைக் கழிச்சீங்களா?"

மேடம் என்றுகூடச் சொல்லவில்லை. அக்கா. அரங்கு சிரித்தது. அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றேன். மாணவர்கள் எனக்கு வைத்திருந்த பட்டப்பெயர் தராசு. இப்போது டப்பா.

முந்தின நாள் என் வீட்டில்தான் தங்கியிருந்தாய். அன்று காலை என் சீப்பால்தான் தலைவாரினாய். அப்போது கேட்டிருக்கலாம்.

உன் விண்ணப்பத்துக்கு வருகிறேன். 'இந்தப் பயணத்தைத் தவிர்க்க முடியுமா?' என்ற கேள்விக்கு, 'முடியும், ஆனால்' என்று ஆரம்பித்து எழுதியிருக்கிறாய். படிவத்தில் ஆனாலுக்குக் கட்டம் கிடையாது. முடியும் என்பதை மட்டும் எடுத்துக்கொண்டோம். நிராகரிக்கப்பட்டது.

அம்மாவிடம் சொன்னேன். "வாலு வர்றாளா?" என்றாள். இல்லை என்றேன்.

அக்கா

*

ஜனவரி 26

அக்காவுக்கு,

இதன் பின்பக்கம் போன வருட வினாத்தாள். ஐந்தாவது கேள்வி, மண்ணில் நீர் தங்குவதைப் பற்றியது. வகுப்பில் ஒருவர்கூடச் சரியாக எழுதவில்லை. என் பாடம் எடுக்கும் லட்சணம் என்று நீ சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

தட்டுப் பட்டியலைப் படித்தேன். இருநூறு எவர்சில்வர் தட்டு, கழுவிக் கழுவிப் புழங்குவதற்கு. பிளாஸ்டிக் அட்டைக்குப் பதில் மரத்துண்டில் சுண்ணக்கட்டியால் பெயரெழுதிக் கழுத்தில் மாட்டிக்கொள்வது. நல்ல யோசனை. வியர்த்தால் ஆள் இருப்பார், பெயர் இருக்காது. அவ்வளவுதானே.

விமானம்தானே குற்றம்? நான் விமானத்தில் வரவில்லை. மலையிலிருந்து இறங்க ஒரு பஸ், அப்புறம் இரண்டு ரயில், கடைசியில் இன்னொரு பஸ். ஐம்பத்தெட்டு மணி நேரம், உட்கார்ந்தபடியே. உன் சுற்றறிக்கையில் இருக்கும் அட்டவணையை வைத்தே போட்டுப் பார்த்தேன். போகவர நூற்றிருபது கிலோ கரிப்புகை. உங்கள் ஊர்ப் பேராசிரியர் ஒருவர் தன் காரில் ஒரு மாதம் கல்லூரிக்கு வந்து போனால் ஏறக்குறைய அவ்வளவு ஆகும். ஓட்டலும் வேண்டாம். அம்மாவின் அறையில் தரையில் படுத்துக்கொள்கிறேன். தட்டையும் நானே கொண்டுவருகிறேன்.

வீட்டில் கேட்டிருக்கலாமாம். உன்னிடம் வீட்டில் எதைக் கேட்க முடிந்திருக்கிறது? என் முதல் கட்டுரையைச் சாப்பாட்டு மேசையில் வைத்து அத்தானுக்கு வாசித்துக் காட்டினாய். "பாருங்க, இதுல மண்ணுங்கற வார்த்தை மட்டும் சரியா இருக்கு" என்றாய். எந்தப் பக்கம் சிரிப்பது என்று தெரியாமல் அத்தான் தண்ணீர் குடித்தார், பாவம். உன் புகழ்பெற்ற கட்டுரைக்கு நான் எடை போட்டது நாற்பது டப்பா இல்லை, அறுநூறு. ஆசிரியர் வரிசையில் என் பெயர் இல்லை. நன்றியுரையில்கூட இல்லை. டப்பாவைக் கழிக்கத்தான் மறந்தாய். என்னைக் கழிக்க மறக்கவில்லை.

இதை எழுதியிருக்கக் கூடாது. இது உதவி கேட்கும் கடிதம். ஆனால் உன் வழக்கப்படி எடுத்த பழைய தாள், அடித்துவிட்டு எழுத இடமில்லை. இருந்துவிட்டுப் போகட்டும்.

அக்கா, ஜூனுக்குப் பிறகு எனக்குப் போக்கிடம் இல்லை. நாற்பத்தொரு வயதில் புதிதாக யாரும் எடுக்கமாட்டார்கள். மூன்று நாள் வரவிடு. பேசிவிட்டுப் போய்விடுகிறேன். உன் எதிரில்கூட வரமாட்டேன்.

வாலு

*

பிப்ரவரி 8

வாலுக்கு,

உன் ரயில் கணக்கு சரி. நானும் ஒருதரம் போட்டுப் பார்த்தேன். குழுவில் இருக்கும் மற்ற மூவரும், "ரயில்லதானே வர்றாங்க, விட்டுடலாமே மேடம்" என்றார்கள். "அவ என் கூடப்பிறந்தவ. அவளுக்கு விலக்குக் குடுத்தா நாளைக்கு ஊரே பேசும்" என்றேன். மூவரும் தலையாட்டினார்கள். என்னைப் போல நேர்மையானவளைப் பார்த்ததில்லை என்று அவர்களில் ஒருவர் தேநீர் வேளையில் சொன்னாராம். நீ தங்கையாகப் பிறந்ததால் எனக்குக் கிடைத்த முதல் நல்ல பெயர்.

ஆகவே திரைதான். மார்ச் பதின்மூன்று, பிற்பகல் அமர்வில் கடைசி ஆள், எட்டு நிமிடம். சாப்பிட்டுவிட்டு வந்து பாதிப் பேர் தூங்குவார்கள். விளக்கை உனக்கு முன்னால் வைத்துக்கொள். பின்னால் வைத்தால் நிழல்தான் தெரியும்.

நன்றியுரையில் உன் பெயர் இல்லாதது உண்மை. இருந்திருந்தால், திரும்பப் பெற்ற கட்டுரையில் உன் பெயரும் சேர்ந்து நாறியிருக்கும். ஒருவகையில் காப்பாற்றியிருக்கிறேன். சாப்பாட்டு மேசையில் சிரித்ததும் உண்மை. அந்தக் கட்டுரை சிரிக்கும்படி இருந்ததும் உண்மை.

இந்தத் தாளின் பின்னால் இருப்பது மாநாட்டின் கரிக் கணக்கு அறிக்கை, வரைவு. எத்தனை பேர் பயணத்தைத் தவிர்க்கிறார்கள், அதனால் எவ்வளவு மிச்சம் என்ற அட்டவணை. கடைசி நாள் காலை பதினொரு மணிக்கு மேடையில் நான் வாசிக்க வேண்டும். மண்ணியல் கூட்டமைப்பின் தலைவரும் அரங்கில் இருப்பார். இதை வைத்துத்தான் இனி நடக்கும் எல்லா மாநாடுகளுக்கும் விதி எழுதப்போகிறார்களாம். படித்துப் பார். குறை தெரிந்தால் எழுது. குறை கண்டுபிடிப்பதில் உன்னை மிஞ்ச ஆளில்லை. தபால் ஐந்து நாளில் வந்துவிடுகிறது. நேரம் இருக்கிறது.

அம்மா தினமும் கேட்கிறாள்.

அக்கா

*

பிப்ரவரி 19

அக்காவுக்கு,

திரை என்றால் திரை. ஆய்வுக்கூடத்துக் கணினியைக் கேட்டு வாங்கியிருக்கிறேன். மழை பெய்தால்தான் இந்த மலையில் இணையம் போகும், மார்ச்சில் மழை இல்லை. முதல்வரிடம் சொன்னேன். "சரி, முயற்சி பண்ணீங்க" என்று கோப்பை மூடினார். அவர் மூடிய விதம் எனக்குப் புரிந்தது.

பின்பக்கத்தைப் படித்தேன், இரண்டு தடவை. அறிக்கை நன்றாக இருக்கிறது. குறை ஒன்றும் தெரியவில்லை. தைரியமாக வாசி.

விளக்கை முன்னால் வைத்துக்கொள்கிறேன்.

வாலு

*

மார்ச் 14

அக்காவுக்கு,

இப்போது காலை ஒன்பது. பத்து மணிக்குத் தபால்காரர் பையைக் கட்டிவிடுவார். மனம் மாறுவதற்குள் இதைப் பெட்டியில் போட்டுவிட வேண்டும். இது உன் கைக்கு வரும்போது எல்லாம் முடிந்திருக்கும்.

நேற்று என் எட்டு நிமிடம். மூன்றாவது நிமிடத்தில் ஒலி போய்விட்டது. அது தெரியாமல் மீதி ஐந்து நிமிடமும் பேசினேன். முடித்தபிறகு, 'ஒண்ணும் கேக்கல மேடம், ரொம்ப நன்றி' என்று யாரோ திரையில் எழுதினார்கள். அமர்வை நடத்தியது நீ. நிறுத்தச் சொல்லி ஒரு கை காட்டியிருக்கலாம். நீ கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அதுவரை கொஞ்சம் தயக்கம் இருந்தது. இப்போது இல்லை.

உன் அட்டவணைக்கு வருகிறேன். திரை வழியாகச் சேரப் பதிந்தவர்கள் இருநூற்று முப்பத்தொரு பேர். ஆளுக்கு ஒரு விமானப் பயணம் மிச்சம், நானூறு கிலோ என்று பெருக்கி, தொண்ணூற்றிரண்டு டன் என்று போட்டிருக்கிறாய். பக்கத்திலேயே தூரம் எழுதிய பத்தி இருக்கிறது. அவர்களில் நூற்று நாற்பது பேர் உன் ஊரிலும் பக்கத்து ஊர்களிலும் இருந்துகொண்டு வசதிக்காகத் திரையைக் கேட்டவர்கள். வந்திருந்தால் பஸ்ஸில் வந்திருப்பார்கள். பலர் நடந்தே வந்திருப்பார்கள். ஏறாத விமானத்தை மிச்சம் பிடித்திருக்கிறாய். அவர்களைக் கழித்தால் தொண்ணூற்றொரு பேர், முப்பத்தாறு டன். மறுபடியும் அதே தப்பு, அக்கா. டப்பாவைக் கழிக்கவில்லை.

பிப்ரவரி பதின்மூன்றாம் தேதியே பார்த்துவிட்டேன். உறையைப் பிரித்துப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஒரு மாதமாக வாயை மூடிக்கொண்டிருக்கிறேன். போன தடவை மூன்று வருடம். நீ கேட்டதில்லை, நானே சொல்கிறேன். அந்தக் கட்டுரை அச்சாவதற்கு முன்பே எனக்குத் தெரியும். உன் கணக்கைப் பிரதி எடுத்தபோது நாற்பது எண்களும் முப்பத்தெட்டு கிராம் கூடுதலாக நின்றன. சொல்லத்தான் உன் மேசைக்கு வந்தேன். நன்றியுரைப் பக்கம் திறந்திருந்தது. மேலிருந்து கீழே ஒருதரம், கீழிருந்து மேலே ஒருதரம் படித்தேன். அத்தான் பெயர் இருந்தது. திரும்பிப் போய்விட்டேன்.

கணக்கு முழுவதையும் எழுதி, கூட்டமைப்புத் தலைவருக்கும் மாநாட்டில் சேர்ந்த எல்லோருக்கும் மின்னஞ்சல் தயார் செய்தாயிற்று. இன்று சரியாகப் பதினொரு மணிக்குத் தானாகப் போய்விடும். 'தெரிந்தே பொய்க் கணக்கு வாசிக்கிறார்' என்ற வரியும் அதில் இருக்கிறது. நீ வாசித்து முடித்ததும் கேள்வி நேரம். முதல் ஆளாக என் பெயரைப் பதிந்திருக்கிறேன்.

ஜூனில் நான் வெளியே. நீ மட்டும் உள்ளே இருந்து என்ன செய்யப்போகிறாய்?

வாலு

*

மார்ச் 21

வாலுக்கு,

கடிதம் பத்தொன்பதாம் தேதி வந்தது. இது வரும்போது எல்லாம் முடிந்திருக்கும் என்று எழுதியிருந்தாய். அது ஒன்றுதான் அதில் சரி.

அன்று நடந்ததை நீ திரையின் அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாய். இந்தப் பக்கத்திலிருந்து எப்படி இருந்தது என்று எழுதுகிறேன். பதினொரு மணிக்கு நூற்றெண்பது கைப்பேசிகளில் ஒரே நேரத்தில் சத்தம் வந்தது. எல்லோரும் குனிந்து உன் மின்னஞ்சலைப் படித்தார்கள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள். நான் அறிக்கையை வாசித்தேன். முப்பத்தாறு டன். சுவரில் விழுந்த அட்டவணையிலும் முப்பத்தாறு என்றுதான் இருந்தது. உள்ளூர்க்காரர்கள் நூற்று நாற்பது பேரைக் கழித்த பிறகு என்று அடியில் ஒரு வரியும் இருந்தது.

கேள்வி நேரம் வந்ததும் கூட்டமைப்புத் தலைவரே உன்னைக் கூப்பிட்டார். சுவரில் உன் முகம் வந்தது, பத்தடி உயரத்துக்கு.

"இந்த மின்னஞ்சல் அனுப்பினது நீங்கதானேம்மா? தொண்ணூத்திரண்டுன்னு எழுதியிருக்கீங்களே, அது எங்க இருக்கு? இவங்க முப்பத்தாறுன்னுதானே வாசிச்சாங்க?"

உன் வாய் திறந்தது. விளக்கை முன்னால் வைத்திருந்ததால் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. ஒலி போய்விட்டதோ என்று பின்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒலி நன்றாகத்தான் இருந்தது. உன் அறையில் மின்விசிறி சுற்றுவதுகூடக் கேட்டது. கடைசியில், "அக்கா" என்றாய். அரங்கு சிரித்தது.

தலைவர் என்னிடம், "உங்க தங்கையா?" என்றார். ஆமாம் என்றேன். கூட்டமைப்பிலிருந்து உன் முதல்வருக்குக் கடிதம் போயிருக்கிறது. நான் எழுதச் சொல்லவில்லை. எழுத வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

முந்தின நாள் உன் ஒலி போனது நான் செய்ததல்ல. நான் செய்திருந்தால் முதல் நிமிடத்திலேயே செய்திருப்பேன்.

உனக்கு அனுப்பிய வரைவு எங்கள் அலுவலக உதவியாளர் ஜனவரியில் போட்டது. தப்பை அன்றைக்கே பார்த்துத் திருத்திவிட்டேன். டப்பாவைக் கழிக்க மனுஷி ஒருதரம்தான் மறப்பாள். திருத்தாத பிரதி இழுப்பறையில் கிடந்தது. அதைத் தேடி எடுத்துத்தான் அதன் மறுபக்கத்தில் உனக்கு எழுதினேன். நீ திருப்பிப் பார்ப்பாய் என்று தெரியும். பார்த்துவிட்டு என்ன செய்வாய் என்பதுதான் தெரியவில்லை.

உனக்கு எழுதிய அன்றைக்கே இன்னொரு தாளையும் தயார் செய்தேன். குழுவின் மூவரிடமும் கையெழுத்து வாங்கினேன், நானும் போட்டேன். இழுப்பறையில் வைத்துவிட்டுக் காத்திருந்தேன். உன்னிடமிருந்து ஒரு வரி வந்தால் போதும் என்று. 'அக்கா, டப்பாவைக் கழி' என்று ஒரு வரி. வீட்டுக்குள் சொல்வது மாதிரி. இருபத்துநான்காம் தேதி உன் கடிதம் வந்தது. அறிக்கை நன்றாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய். இரண்டு தடவை படித்தாயாம்.

இப்படி ஒரு பரீட்சை வைக்கலாமா என்று நீ கேட்கலாம். உனக்கு என்ன எழுத வரும் என்று தெரிந்துதான் அந்தக் கேள்வியை வைத்தேன் என்றும் சொல்லலாம். வேறு பதில் வந்திருந்தால் அந்தத் தாளை உண்மையிலேயே தபாலில் போட்டிருப்பேனா? எனக்கே தெரியாது. கையெழுத்துகள் மட்டும் உண்மை.

அம்மா பதினொன்றாம் தேதியே தன் கட்டிலுக்குப் பக்கத்தில் உனக்குப் படுக்கை விரித்துவிட்டாள். வரவில்லை என்று எத்தனை தடவை சொல்லியும் கேட்கவில்லை. "ரயில்லதானே வர்றா. லேட்டாகும்" என்றாள். உன் ரயில் கடிதத்தை நான்தான் அவளுக்கு வாசித்திருந்தேன். பதினாறாம் தேதி அவளே சுருட்டி எடுத்து வைத்தாள். "ஒருத்தி சொல்லமாட்டா, ஒருத்தி கேக்கமாட்டா. ரெண்டும் நான் பெத்தது" என்றாள். அதற்குப் பிறகு உன்னைப் பற்றிக் கேட்பதில்லை.

இதற்குப் பதில் எழுதாதே.

திருப்பிப் பார் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. மறுபக்கம் இருப்பது உன் அனுமதிக் கடிதம். பிப்ரவரி எட்டாம் தேதி போட்டது. 'தவிர்க்க முடியாத வருகை' என்று அச்சாகியிருக்கிறது. தங்குமிடம் என்ற இடத்தில் அம்மாவின் அறை என்று என் கையால் எழுதியிருக்கிறேன். இனி ஒன்றுக்கும் ஆகாது. ஒரு பக்கம் வீணாய்ப் போன தாள். அதனால்தான் இதில் எழுதினேன்.

அக்கா